ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ‘ம்’

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நஞ்சப்பன் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனார். அந்த வாக்கியத்தை வெட்டியவள் நான்.

எங்கள் அலுவலகத்தில் நீளமானவற்றைக் குட்டையாக்குகிறோம். அகலமானவற்றை ஒல்லியாக்குகிறோம். மூன்று மணி நேரப் பேட்டி ஒன்று வந்தால் அதிலிருந்து நாற்பது ரீல்ஸ் எடுப்போம். படுத்திருக்கும் வீடியோவைத் தூக்கி நிறுத்துவோம். நிறுத்தும்போது இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் வெளியே விழுவார்கள். விழுந்தவர்கள் எங்கள் பொறுப்பு இல்லை.

கட்டடமும் அப்படித்தான். கணபதி பகுதியில் இருக்கிறது. ஒரு மேசை அகலம், முப்பத்தெட்டு மாடி. பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு பேனா கேட்க வேண்டுமென்றால் மாடி ஏற வேண்டும். யாருடைய கால்களையும் யாரும் பார்த்ததில்லை. இடுப்புக்குக் கீழே சப்டைட்டில் எழுத்து ஓடும் இடம். நான் ஏதாவது சொன்னால் அது என் முழங்காலுக்கு அருகே மஞ்சள் நிறத்தில் வரும். பாதி தப்பாக வரும்.

நஞ்சப்பனுக்கு எழுபத்திரண்டு வயது. சூலூரில் பம்புசெட்டு தயாரிக்கிறார். ‘வென்றவர் வாசல்’ என்கிற சேனல்காரர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் வைத்து அவரை மூன்று மணி பதினான்கு நிமிடம் பேட்டி எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் எதுவும் பேசவில்லை. ‘ம்’ கொட்டினார். நஞ்சப்பன் ஒரு வாக்கியம் சொல்வார். ‘ம்’ வரும். அடுத்த வாக்கியத்துக்குப் போவார். முக்கியமான இடம் என்றால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தி ‘ம்’முக்குக் காத்திருப்பார்.

ஒரு ‘ம்’முக்கு அரை நொடி ஆகிறது. அரை நொடி சும்மா இருந்தால் ஜனங்கள் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் நான் மூச்சுகளை எடுத்தேன். இருமல்களை எடுத்தேன். பிறகு ‘ம்’களை எடுத்தேன். ஒரே பொத்தான்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வந்தன.

அடுத்தது படத்தை ஒல்லியாக்குவது. மென்பொருள் அசைகிற வாயைத் தேடிப் பின்னால் போகும். ‘ம்’ சொல்ல வாய் திறக்க வேண்டியதில்லை. மயிலாத்தாளுக்கு வாய் இருப்பது மென்பொருளுக்குத் தெரியவில்லை. அவர் ஓரத்தில் விழுந்தார்.

முதல் மூன்று நொடிக்கு எங்கள் அலுவலகத்தில் ஹூக் என்று பெயர். மீனுக்குப் போடுகிற மாதிரி. இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் ஒரு நல்ல ஹூக் கிடைத்தது. நஞ்சப்பன் விரலை உயர்த்திச் சொன்னார்: “இவ்வளவும் நான் சாதிச்சதுக்கு ஒரே காரணம் யாருன்னு கேட்டீங்கன்னா...”

அங்கே வெட்டினேன்.

கிளாட்வின் சார் ஒன்பது மாடி இறங்கி வந்து பார்த்தார். அவர் எங்கள் மேலாளர். ஹூக்கில் மட்டும்தான் பேசுவார்.

“எடிட்டருங்க தொண்ணூறு சதவீதம் பேர் பண்ற ஒரே ஒரு தப்பு,” என்றார்.

“என்ன சார்?”

“அதை நீ பண்ணல தாரணி.”

“தேங்க்ஸ் சார். என்ன தப்பு அது?”

அவர் மேலே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ரீல் வெளியே போனது. சாயங்காலத்துக்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். எண்பத்து நாலாயிரம் பேர் கீழே வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யாருங்க அது?

வியாழக்கிழமை மதியம் ஒரு பெண்மணி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இருபத்தாறு மாடி ஏறி வந்திருந்தார். கையில் வயர் கூடை. அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று நாள் அவரை வெட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

“நீதானா அம்மணி எங்கூட்டுக்காரரை வெட்டுனது?”

“எந்த வீட்டுக்காரருங்க?”

“பம்புசெட்டு.”

“ஆமாங்கம்மா. நல்லாப் போகுது. பதினாலு லட்சம்.”

“அவரு நின்னுட்டாரு.”

“எங்கீங்க?”

“கேட்டீங்கன்னாங்கற எடத்துல.”

எங்கள் தொழிலில் இது எப்போதாவது நடக்கிறதுதான். போன ஆண்டு ஒரு சமையல்காரரை உப்புப் போடுவதற்கு முன் வெட்டினோம். அவர் இன்னும் கரண்டியோடு நிற்கிறார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மயிலாத்தாள் உட்கார்ந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை மீட்டர் கணக்கெடுக்க ஆள் வந்திருந்தார். நஞ்சப்பன் அவரை உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒரே காரணம் யார் என்கிற இடம் வந்தது. சரியாகப் பதினொரு மணி. விரல் மேலே போனது. வாய் திறந்தபடி நின்றது. மீட்டர்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

“இட்லி ஊட்டிப் பாத்தேன். உள்ள போகல. வாக்கியம் குறுக்க நிக்குது.”

“நீங்க ஒரு ‘ம்’ கொட்டியிருந்தா நகந்திருப்பாருங்களே.”

“அதுதான் வரமாட்டீங்குது.”

அவர் உதடுகளைச் சேர்த்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. எதுவும் வரவில்லை. அவர் முழங்காலருகே மஞ்சள் எழுத்து தோன்றப் பார்த்துவிட்டு அணைந்தது. எல்லாவற்றையும் நான் எடுத்திருந்தேன். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அதற்காகத்தான் எனக்கு அந்த மாதம் ஒரு தம்ளர் பரிசு கொடுத்தார்கள்.

மயிலாத்தாள் கூடையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். லூப் வாரியம் ஒட்டிவிட்டுப் போனது. ஒரு வரிக்கு ஒரு சொல் என்பதால் அவர் உயரத்துக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பேச்சைத் தொடராதவர்கள் லூப்பில் சேர்க்கப்படுவார்கள். அவர்களுடைய முடிவு அவர்களுடைய தொடக்கத்தோடு ஒட்டப்படும். ஐந்து மணி பத்து நிமிடம் வரை சிறு திருத்தங்கள் ஏற்கப்படும்.

“பயப்படாதீங்கம்மா. ஏதாவது பண்ணிடலாம்.”

“லூப்ல போனாப் போகட்டும், கண்ணு. மனுசன் எப்பவும் அதையேதானே திருப்பித் திருப்பிச் சொல்றாரு. அந்த வாக்கியம் எங்க போயி முடியுதுன்னு எனக்குத் தெரியோணும். கட்டிட்டு வந்து நாப்பத்தொரு வருசம் ஆச்சு. காரணம் யாருன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.”

“பேட்டியில நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?”

“அப்பப் பாத்து மூணாவது விசில் வந்துருச்சு. குக்கரை எறக்கப் போயிட்டேன்.”

நான் வெட்டாத பேட்டியைத் திறந்தேன். அது அகலமாக இருந்ததால் திரையை என் மேசையில் கிடத்த முடியவில்லை. நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தோம். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். நஞ்சப்பன் விரலை உயர்த்துகிறார். யாருன்னு கேட்டீங்கன்னா என்கிறார். உள்ளே விசில் சத்தம். நஞ்சப்பன் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார். நாற்காலி காலி. பதினொரு நொடி அதையே பார்க்கிறார். பேட்டி எடுத்தவர் தொண்டையைக் கனைத்து, “சரிங்க, ஏற்றுமதி பத்திச் சொல்லுங்க,” என்கிறார்.

பதில் எங்குமே இல்லை.

“நாற்காலியைத்தான் பாக்கறாருங்கம்மா.”

“‘ம்’ வேணும்னு பாத்திருப்பாரு,” என்றார் மயிலாத்தாள். “அல்லாட்டி...”

அவரும் முடிக்கவில்லை. நான் மறுபடி ஓடவிட்டேன். அவர் ஒன்பது தடவை பார்த்தார்.

வெட்டியவை எல்லாம் மிச்ச அறைக்குப் போகும். மிச்ச அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. எங்கள் லிஃப்ட் மேலே மட்டும்தான் போகும். கீழே போக வேண்டுமென்றால் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கட்டத்தில் கீழ்த்தளம் வந்துவிடும். ஒவ்வொரு மாடியிலும் கதவு ஒரு நொடி திறந்தது. ஒருவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பூனை தண்ணீருக்குள் விழுந்தது. ஒரு பெண் காப்பீடு பற்றிச் சொல்லி அழுதாள். மறுபடி பஜ்ஜி. எறங்கி ஒண்ணு வாங்கலாமா என்று மயிலாத்தாள் கேட்டார். கதவு மூடிவிட்டது.

மிச்ச அறை வாசலில் வசந்தமணி அக்கா உட்கார்ந்திருந்தார். அவர்தான் காப்பாளர்.

“என்ன வேணும்?”

“என்ற ‘ம்’,” என்றார் மயிலாத்தாள்.

வசந்தமணி அக்கா பதிவேட்டைப் புரட்டினார். “பேச்சா, சிரிப்பா, அழுகையா?”

“‘ம்’முங்க.”

“அது பேச்சுல வராது. வகை நாலு, சுத்துப்புறச் சத்தம். ஃபேனு, கொசு, சம்சாரம்.” பேனாவைக் காதில் செருகினார். “வகை நாலுக்கு உரிமை கோர முடியாதுங்க. ஃபேன் வந்து கேட்டாத் தருவமா?”

“நான் ஃபேன் இல்லீங்க.”

“அதுக்குச் சான்றிதழ் வேணும். அந்த ரூம்புல நீங்க இருந்தீங்கன்னு படத்துல காட்டுங்க.”

நான் நாற்பது ரீல்களையும் ஓடவிட்டேன். நாற்பதிலும் நஞ்சப்பன்தான். பதினாலாவது ரீலில், இடது ஓரத்தில், ஒரு நொடி ஒரு முழங்கை வந்துபோனது. நஞ்சப்பன் திடீரென்று சாய்ந்ததால் நேர்ந்த பிசகு. அதை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

வசந்தமணி அக்கா படத்தில் இருந்த முழங்கையைப் பார்த்தார். மயிலாத்தாளின் முழங்கையைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

“முழங்கை உள்ள போகலாம்.”

“மீதி?”

“மீதிக்குச் சான்றிதழ் இல்லீங்களே.”

மயிலாத்தாள் முழங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். மீதி அதன் பின்னால் போனது. வசந்தமணி அக்கா முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊழியர் என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை.

“லூப்ல போனா வலிக்குமுங்களா?” என்று மயிலாத்தாள் திரும்பிக் கேட்டார்.

“ஒண்ணும் பண்ணாது. எங்க மாமனாரு ரெண்டு வருசமா இருக்காரு. பல்லு வெளக்கறாரு. பசியில்ல, சக்கரை இல்ல. முன்னைக்கு இப்ப நல்லா இருக்காரு.”

அறை அகலமாக இருந்தது. கட்டடத்திலேயே அகலமான இடம் அதுதான். எனக்குத் தலை சுற்றியது. சிமெண்டுச் சாக்குகளில் மூச்சுகள் அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் ‘அப்புறம்’கள் குவிந்து கிடந்தன. தாமதமாக வந்த சிரிப்புகளைத் தனியே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மயிலாத்தாளின் ‘ம்’கள் இருபது லிட்டர் தண்ணீர் கேனில் இருந்தன. சாம்பல் நிறத்தில், புளியங்கொட்டை அளவில்.

அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இது மொத மோட்டாரு வித்த கதை. அறுவது தடவ கேட்டது.”

அடுத்ததை எடுத்தார். “இது பொய்யி. பொய்யின்னு தெரிஞ்சுதான் கொட்டுனேன்.”

“இது?”

“கொட்டாவி. வாய மூடிட்டு விட்டது.”

“இதுங்கம்மா?”

“மாடில காயப்போட்ட மொளகாயை எடுத்தனான்னு ரோசனை.” அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். “இதும் மொளகா.”

வெள்ளிக்கிழமை மதியம் வரை கேட்டார். விசில் வந்த நேரத்துக்குரிய ‘ம்’ அதில் இல்லை. இருக்க முடியாது. ஆனால் கேனின் அடியில் ஒன்றைக் காதில் வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவற்றைவிட அது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

“இது நெசம்,” என்றார்.

“எந்த இடத்துல கொட்டுனதுங்க?”

“மொத மோட்டாருல தண்ணி பீச்சி அடிச்சப்ப இவரு பைப்பைக் கட்டிப்புடிச்சுட்டு அழுதாராம். இந்தக் கதை மட்டும் எனக்குப் புதுசு. பேட்டிலதான் மொத மொதச் சொன்னாரு. நெசமாக் கேட்டுக் கொட்டுன ‘ம்’ இத்தனையில இது ஒண்ணுதான், அம்மணி.” அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “அதை ரீல்ல போட்டியா?”

“இல்லீங்கம்மா. அதுல ஹூக் இல்ல.”

வாசலில் வசந்தமணி அக்கா தடுத்தார். ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துப்போக வேண்டும் என்றார். அவர்களுக்கு இடப் பற்றாக்குறை. நான் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கிளாட்வின் சார் ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“வேலையை விட்டுட்டுப் போறவங்களுக்கு நடக்கற மூணு விஷயம்!” என்று கத்தினார்.

“என்ன சார்?”

“பதிலைப் போட்டுடாதே தாரணி! பதில் தெரிஞ்சா ஒருத்தனும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டான்!”

அவர் முழுதாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

சூலூர் பஸ் உயரமாக வந்தது. ஓர் ஆள்மேல் ஓர் ஆளாக உட்கார வேண்டியிருந்தது. கேனை நடத்துநர் தலைமேல் வைத்தோம். நாலே முக்காலுக்கு வீட்டை அடைந்தோம்.

நஞ்சப்பன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. விரல் மேலே. வாய் திறந்திருந்தது. கன்னம் ஒடுங்கிப்போயிருந்தது. கண்கள் மட்டும் எங்களைப் பார்த்து உருண்டன. ரீலில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். அவருக்கு அருகே மேசையில், பக்கத்து வீட்டுக்காரர் அன்று கொண்டுவந்த நாலு இட்லி ஒரு தட்டில் மூடி வைக்கப்பட்டிருந்தது.

மயிலாத்தாள் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தலையைக் கோதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கொட்டாவி ஒண்ணைப் போட்டுப் பாருங்கம்மா. நல்லதை ஏன் செலவு பண்றீங்க?” என்றேன்.

“இதுக்குன்னா நல்லதுதான் போடோணும்.”

அந்த வெதுவெதுப்பான ஒன்றை எடுத்து நாக்கின் கீழே வைத்தார், மாத்திரை போல. கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ம்.”

நான் அதுவரை ஆயிரக்கணக்கில் வெட்டியிருந்தேன். ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அது கூடம் முழுவதும் போய் வந்தது.

நஞ்சப்பனின் வாய் அசைந்தது. விரல் சற்றே ஆடியது. மயிலாத்தாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னோட விடாமுயற்சிதானுங்க,” என்றார் நஞ்சப்பன்.

விரலை இறக்கினார். சட்டையைச் சரிசெய்தார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, அடுத்த ‘ம்’முக்குக் காத்திருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்று.

மயிலாத்தாள் புடவை மடிப்பு ஒன்றை நீவிவிட்டார். மறுபடி அதையே நீவினார்.

“அம்மா, இன்னொண்ணு கொட்டுங்க. பேச்சு தொடர்ந்தாப் போதும், லூப்ல போட மாட்டாங்க. கேன்ல ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு இருக்கு.”

“எதை எடுக்கட்டும்? மொளகாயா?”

“எதா இருந்தாலும் அவருக்குத் தெரியாதுங்க.”

“அவருக்குத் தெரியாது,” என்றார். எழுந்து போய் இட்லித் தட்டைத் திறந்தார். “ஏனுங்க, வாயத் தெறங்க.”

வாக்கியம் போய்விட்டதால் வழி இருந்தது. இரண்டு இட்லியைச் சட்னியில் தோய்த்து ஊட்டினார். நஞ்சப்பன் அவசரமாக மென்றார். மெல்லும்போதும் ‘ம்’முக்காக அவர் கண் மனைவியின் உதட்டிலேயே இருந்தது. மூன்றாவது இட்லி பாதி போனபோது ஐந்து அடித்தது.

நஞ்சப்பன் நிமிர்ந்தார். விரல் மேலே போனது.

“இவ்வளவும் நான் சாதிச்சதுக்கு ஒரே காரணம் யாருன்னு கேட்டீங்கன்னா...” நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நொடி பார்த்தார். “என்னோட விடாமுயற்சிதானுங்க.” விரல் இறங்கியது. சட்டையைச் சரிசெய்தார். விரல் மேலே போனது.

மயிலாத்தாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து தடவை பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றார். “கடைசி கொஞ்சம் இழுவை.”

“எதுங்கம்மா?”

“பதிலு.”

நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பத்து வரை நேரம் இருந்தது. என் மொபைலில் நஞ்சப்பனைத் திறந்தேன். மொத்தம் பதினாலு நொடி. வலது ஓரத்தைக் கட்டைவிரலால் பிடித்து உள்ளே தள்ளினேன். சட்டை போனது. விரல் இறங்குவது போனது.

“இன்னும்.”

விடாமுயற்சி போனது.

“இன்னும் கொஞ்சம் தள்ளட்டுங்களா?”

“வேண்டாம், வேண்டாம். அவரு திரும்பிப் பாக்கறாரில்ல, அது பூரா இருக்கட்டும். அங்க. அங்கயே நிறுத்து.”

நிறுத்தினேன். ஒன்பது நொடி வந்தது. சேமித்தேன்.

நஞ்சப்பன் விரலை உயர்த்தினார். இவ்வளவும் தான் சாதித்ததற்கு ஒரே காரணம் யார் என்று கேட்டார். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். விரலை உயர்த்தினார்.

வெட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. என் வேலையில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

மயிலாத்தாள் பாதி இட்லியைத் தானே தின்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாற்காலியை நஞ்சப்பனின் பார்வை வந்து விழும் இடத்துக்கு நாலு விரற்கடை நகர்த்தினார். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தார்.

“நிமிசத்துக்கு எத்தன தடவ வரும் அம்மணி?”

“ஆறு, ஏழுங்கம்மா.”

அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். நாற்பத்தொரு வருசத்தை எதனாலோ வகுத்தார் என்று நினைக்கிறேன். பாதியில் விட்டுவிட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நஞ்சப்பன் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

நஞ்சப்பன் திரும்பினார்.